வெறும் போர்டுக்கு முழுச் சோதனை: தண்ணீர்த் தாங்கி கொன்ட்ரோலர் செய்த அனுபவம்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடிக்குக் குழாய்த் தண்ணீர் நிலத்தடித் தாங்கி வரைக்கும்தான் வரும். அங்கிருந்து பம்ப் போட்டு மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்ற வேண்டும். மிதவை சுவிட்ச் சிக்கிக்கொண்டால் மேல் தாங்கி வழிந்து சுவரெல்லாம் நனையும். கீழ்த் தாங்கி வற்றினால் பம்ப் தண்ணீரில்லாமல் ஓடிச் சூடாகும். இதற்காக ஒரு கொன்ட்ரோலர் செய்தேன். மேலே ஒரு போர்ட் (மின்சுற்றுப் பலகை), கீழே ஒரு போர்ட், இரண்டும் ஒரே வடிவமைப்பு. மேலே இருப்பது தாங்கியின் அழுத்த உணரியைப் படித்து ஆர்எஸ்-485 என்ற தகவல் தொடர்பு முறையில் கேபிள் வழியாகச் சொல்லும். கீழே இருப்பது அதைக் கேட்டு மோட்டரைப் போடும், நிறுத்தும். தகவல் வராவிட்டால் மோட்டரைப் போடாது. பாதுகாப்புக்காக அப்படி எழுதினேன்.

முதல் சோடியை ஓட்டைப் பலகையில் கம்பி இழுத்துச் செய்தேன். ஒன்றரை வருடம் பிழையில்லாமல் ஓடியது. பிறகு பம்பலப்பிட்டியிலும் தெஹிவளையிலும் தெரிந்தவர்கள் கேட்கத் தொடங்கவே, ஒழுங்கான போர்ட் அடிப்பித்துச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன்.

2024 ஜனவரியில் சீனாவில் ஒரு தொழிற்சாலைக்கு 40 போர்ட் ஓர்டர் போட்டேன். இரண்டு அடுக்கு, 1.6 மி.மீ. எஃப்ஆர்-4 கண்ணாடி இழைப் பலகை, 35 மைக்ரோன் செப்பு, ஆகச் சின்ன ட்ராக் (செப்புக் கோடு) 0.15 மி.மீ. நான்கு போர்ட் சேர்ந்தது ஒரு பெனல், மொத்தம் பத்துப் பெனல். படிவத்தில், பாகங்கள் ஒட்டாத வெறும் போர்டுக்கான மின் சோதனை என்ற இடத்தில் இரண்டு தெரிவு இருந்தது. சிலவற்றை மட்டும் மாதிரிக்கு எடுத்துச் சோதிப்பது இலவசம். ஒவ்வொன்றையும் சோதிப்பதற்கு 19 டொலர் கூட, இரண்டு நாளும் கூட. அப்போது ஒரு டொலர் 320 ரூபாவுக்குப் பக்கத்தில் நின்றது. ஆறாயிரம் ரூபா. அதோடு பெப்ரவரி 10 சீனப் புத்தாண்டு, அதற்கு முன் சாமான் கிளம்பாவிட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாதிரிச் சோதனை போதும் என்று விட்டுவிட்டேன். வடிவமைப்பை நாலு தரம் சரிபார்த்திருந்தேன். போர்டிலேயே பிழை வரும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

போர்ட்கள் வந்தன. பார்க்க அழகாக இருந்தன. ரிலே, டெர்மினல் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி, முதலில் 12 போர்டுக்குக் கையால் ஈயம் பிடித்தேன்.

ஏழாம் இலக்கப் போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடானது. 3.3 வோல்ட் இணைப்புக்கும் தரைக்கும் இடையில் 0.4 ஓம். ஷோர்ட். போர்டின் மூளையான எஸ்டிஎம்32 சிப்பின் 48 கால்களையும் அரை மி.மீ. இடைவெளியில் ஒட்டுவது சின்ன வேலையில்லை, ஆகவே என் கையில்தான் சந்தேகம் வந்தது. கால்களுக்கு இடையில் ஈயம் பாலம் போட்டிருக்கும் என்று பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு கப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஆறு கழற்றியும் ஷோர்ட் அப்படியே இருந்தது. அடுத்த நாள் சூடான காற்றுக் கருவியால் சிப்பையே தூக்கினேன். அப்போதும் 0.4 ஓம்.

கொட்டாஞ்சேனையில் ரீவி திருத்துகிற அண்ணர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவரிடம் போய் வருவேன். போர்டைக் காட்டியபோது அவர் மேலே கீழே பார்த்துவிட்டு, "தம்பி, நீர் ஒட்டினதில பிழையில்லை. வெறும் போர்டை அளந்து பார்த்தனீரா?" என்று கேட்டார். அளந்திருக்கவில்லை. ஒன்றையும் அளக்காமல்தான் ஈயம் வைத்திருந்தேன்.

அவர் சொன்னபடி, பெஞ்ச் பவர் சப்ளையை ஒரு அம்பியருக்கு மட்டுப்படுத்தி ஷோர்ட்டுக்குள்ளேயே கரண்ட் விட்டேன். போர்டில் ஐசோபுரொப்பைல் அல்கஹோலை மெல்லிதாகப் பூசினால், சூடு பிறக்கும் இடத்தில்தான் அது முதலில் காயும். சிப் இருந்த இடத்தின் நடுவில் ஒரு புள்ளி காய்ந்தது. அங்கே பச்சைப் பூச்சுக்கு அடியில், தலைமயிர் அளவில் ஒரு செப்புத் துண்டு, இரண்டு ட்ராக்குக்கு நடுவே. தொழிற்சாலை இரசாயனத்தில் கரைந்து போயிருக்க வேண்டிய செப்பு கரையாமல் தங்கிவிட்டது. பிளேடால் கீறியதும் ஷோர்ட் போய்விட்டது. கழற்றிய சிப்பைத் திருப்பி வைக்கும்போது கால்களை ஒட்டும் செப்புப் பொட்டுகள் இரண்டு பெயர்ந்துவிட்டன. அந்தப் போர்ட் முடிந்தது. மூன்று மாலை நேரமும் முடிந்தது.

பதினோராம் இலக்கத்தில் எல்லாம் வேலை செய்தது, ஆர்எஸ்-485 மட்டும் பேசவில்லை. அதற்கான சிப்பை இரண்டு தரம் மாற்றினேன். ஏழாம் இலக்கத்தின் பாடம் இருந்தும் அப்படித்தான் செய்தேன், கை பழக்கத்தை விடாது. பிறகுதான் எஸ்டிஎம்32 காலிலிருந்து அந்தச் சிப்பின் கால் வரை மீட்டர் வைத்தேன். இணைப்பு இல்லை. ட்ராக் எங்கோ அறுந்திருக்கிறது. போர்டுக்குப் பின்னால் டோர்ச் பிடித்தால் எஃப்ஆர்-4 ஊடாக வெளிச்சம் வரும், அறுந்த இடம் தெரியும் என்பார்கள். என் போர்டின் அடிப்பக்கம் முழுக்கத் தரைச் செப்பு, வெளிச்சம் வர வழியில்லை. இடத்தைத் தேடாமல் எனாமல் பூசிய மெல்லிய கம்பி ஒன்றால் தாவி இணைத்தேன். வேலை செய்தது, ஆனால் இன்னொருவர் வீட்டில் அதைப் பூட்ட மனம் வரவில்லை.

இந்த இரண்டையும்கூட நான் பொறுத்துக்கொள்வேன். என்னை வருத்தியது தெஹிவளை.

அந்தக் கட்டடத்தில் பூட்டி இரண்டு வாரத்தில் ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில் தண்ணீர் நின்றது. மேல் போர்டிலிருந்து தகவல் வரவில்லை, ஆகவே கீழ்ப் போர்ட் மோட்டரைப் போடவில்லை. நான் வேலை முடிந்து ஆறரைக்குப் போய்ப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். கேபிளை மாற்றினேன், கனெக்டரை மாற்றினேன், உணரியை மாற்றினேன், புரோகிராமைத் திருத்தினேன். நான்காம் மாடியில் தனியாக இருக்கும் அம்மா ஒருவர் கீழே வந்து வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். "பழைய மிதவையே இருந்திருக்கலாம் மகன்" என்று அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் மொட்டைமாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் பட்டுப் பெட்டி கொதித்தது. ஒன்றரை மணிக்குத் தகவல் நின்றது. பெட்டியைத் திறந்து காற்றுப் பட விட்டதும் திரும்ப வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஹெயர் ட்ரையரால் சூடாக்கி, ஒவ்வொரு இணைப்பாகத் தேடியதில் ஒரு துளையில் வந்து நின்றேன். மேல் பக்கத்து ட்ராக்கையும் கீழ்ப் பக்கத்து ட்ராக்கையும் இணைக்கும், உள்ளே செப்பு பூசிய 0.3 மி.மீ. துளை அது.

சாதாரண மீட்டரின் ஓம் அளவில் இப்படிப்பட்ட துளை தெரியாது, மீட்டரின் கம்பிக்கே அதைவிடக் கூடிய தடை. நாலு கம்பி முறையில்தான் பார்க்க வேண்டும். இரண்டு கம்பியால் ஒரு அம்பியர் விட்டு, வேறு இரண்டு கம்பியைத் துளையின் இரு முனையிலும் வைத்து வோல்ட்டை அளக்க வேண்டும். துளைச் சுவரில் 20 மைக்ரோன் செப்பு இருந்தால், 1.6 மி.மீ. உயரத்துக்குக் கணக்குப்படி 1.4 மில்லி ஓம் அளவில் வரும். பக்கத்துத் துளைகள் அப்படித்தான் காட்டின. இந்தத் துளை 38 காட்டியது. சூடாக்கியபோது முழுதாக அறுந்தது. எஃப்ஆர்-4 சூட்டில் தடிப்பின் திசையில் செப்பைவிட மூன்று மடங்குக்கு மேல் விரியும். ஏற்கெனவே மெல்லிதாகப் பூசப்பட்ட செப்புச் சுவரை அந்த விரிவு இழுத்துப் பிளக்கிறது. ஆறினால் பிளவு மூடிக்கொள்கிறது. அதுதான் ஆறரை மணிக்கு எல்லாம் சரியாக இருந்ததன் காரணம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 19 டொலர் கொடுத்திருந்தால் ஏழாம், பதினோராம் போர்ட்கள் தொழிற்சாலையிலேயே பிடிபட்டிருக்கும். தெஹிவளைப் போர்ட் பிடிபட்டிருக்காது. ஏன் என்று புரிய, அந்தச் சோதனை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த முழுச் சோதனையை ஃப்ளையிங் புரோப், அதாவது பறக்கும் ஊசி, என்ற முறையில் செய்வார்கள். நான் மீட்டர் வைத்துப் பார்த்த அதே வேலையை இயந்திரம் வேகமாகச் செய்வதுதான் அது. சில ஊசிகள் போர்டின் மேலே பறந்து பறந்து பொட்டுகளைத் தொடும். ஒரே இணைப்பில் சேர வேண்டியவை சேர்ந்திருக்கின்றனவா, சேரக் கூடாதவை பிரிந்திருக்கின்றனவா என்று பார்க்கும். என் போர்டில் 112 இணைப்புகள். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 6,216 சோடி வரும். அவ்வளவும் தேவையில்லை, ஷோர்ட் ஆகக்கூடிய அளவுக்குப் பக்கத்தில் ஓடும் சோடிகளைத்தான் பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கில் அடிக்கும் போர்டுக்கு இது மெதுவானது. அதற்கு ஊசிப் படுக்கை செய்து ஒரே அழுத்தில் எல்லாப் புள்ளியையும் தொடுவார்கள். அந்தப் படுக்கை செய்யவே பெருங்காசு வேண்டும், ஆகவே எங்களைப் போன்ற சின்ன ஓர்டருக்கு ஃப்ளையிங் புரோப்தான் சரி.

ஆனால் அது இணைப்பு இருக்கிறது என்று சொல்ல வைத்திருக்கும் எல்லை ஓம் கணக்கில். என் துளையின் 38 மில்லி ஓம் அதற்குள் சுகமாகப் போய்விடும், அதுவும் அறை வெப்பத்தில். அப்படிப்பட்ட துளைகளைப் பிடிக்க நாலு கம்பிச் சோதனை என்று தனியாக ஒன்று உண்டு, விலை இன்னும் கூட. ட்ராக் மெலிந்திருப்பது, பச்சைப் பூச்சு உரிவது, பொட்டில் ஈயம் ஒட்டாமல் போவது எதையும் ஃப்ளையிங் புரோப் சொல்லாது. வடிவமைப்பில் நானே பிழை விட்டிருந்தால், அந்தப் பிழையையும் சரியென்றே காட்டும்.

இதையெல்லாம் அறிந்த பிறகும் நான் முழுச் சோதனைக்குக் காசு கொடுப்பேன். காரணம் போர்டின் விலையில்லை. ஏழாம் இலக்கத்தில் நான் இழந்தது மூன்று மாலை என்றால், அதில் இரண்டரை மாலை என் கையைச் சந்தேகப்பட்டதிலேயே போனது. பதினோராம் இலக்கத்தில் சிப்பை இரண்டு தரம் மாற்றியதும் அப்படித்தான். வெறும் போர்ட் சரி என்று ஒருவர் அளந்து சொல்லியிருந்தால், பிழை தேடும் வட்டம் பாதியாகச் சுருங்கிவிடும். நான் காசு கொடுத்து வாங்குவது அந்தச் சுருக்கத்தைத்தான்.

மாதிரிச் சோதனையின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு ஒரு போர்ட் மட்டுமே பழுது என்று வைத்தாலும், 40 வாங்குகிறவனுக்குக் குறைந்தது ஒரு பழுதாவது கிடைக்கும் வாய்ப்பு 33 சதவீதம். நூற்றுக்கு மூன்று என்றால் அது 70 சதவீதம். தொழிற்சாலைக்கு அது நல்ல தொகுதி. பழுதான அந்த ஒன்று யாருடைய வீட்டுக்குப் போகிறது என்பது எனக்குத்தான் பிரச்சினை. ஐந்து போர்ட் மாத்திரம் அடிப்பித்துப் பரீட்சித்துப் பார்ப்பதென்றால் நான் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன். அரை மணி நேரம் மீட்டரோடு உட்கார்ந்தால் போதும்.

மிச்சமிருந்த 28 வெறும் போர்டுக்கு என்ன செய்வது? வீட்டிலேயே ஒரு ஊசிப் படுக்கை செய்து பார்த்தேன். ஒரு மி.மீ. தடிப்புள்ள ஸ்பிரிங் ஊசிகள் 48, அக்ரிலிக் தகட்டில் லேசரால் துளையிட்டு நாட்டினேன். துளையின் இடங்களை, போர்ட் வடிவமைக்கும் மென்பொருளான கீகேட்டின் கோப்பிலிருந்தே எடுத்தேன். ஊசிகளை 16 வழி அனலோக் சுவிட்ச் சிப்கள் வழியாகச் சிறிய கொன்ட்ரோலர் ஒன்றோடு இணைத்தேன். 74எச்சி4067 என்ற அந்தச் சிப்புக்கே உள்தடை 70 ஓம் அளவில் இருப்பதால் மில்லி ஓம் எல்லாம் அளக்க முடியாது, அறுந்ததா ஒட்டியதா என்று மட்டும் தெரியும். இரண்டு வார இறுதிகள் போயின. முதல் தடவை தகடு வளைந்து நடு ஊசிகள் தொடவில்லை, 3 மி.மீ. தகட்டை 6 மி.மீ. ஆக்கிய பிறகு சரிவந்தது. 28 போர்டில் ஒன்று அறுந்த ட்ராக்குடன் அகப்பட்டது. ஊசிக்கும் தகட்டுக்கும் மட்டும் பதினோராயிரம் ரூபா. முழுச் சோதனையின் விலையைவிடக் கூட, பார்க்கும் புள்ளிகளோ பாதிக்கும் குறைவு. ஆனால் அது வீணில்லை. ஈயம் பிடித்து முடிந்த போர்டுகளைச் சோதிக்கவும் புரோகிராம் ஏற்றவும் இப்போது அதைத்தான் பாவிக்கிறேன்.

இரண்டாவது ஓர்டருக்கு முன் வடிவமைப்பையே திருத்தினேன். இடமிருந்தும் சோம்பலில் 0.15 விட்டிருந்த ட்ராக்குகளை 0.25 மி.மீ. ஆக்கினேன். ஆர்எஸ்-485, மின் வழங்கல், ரிலே ஆகிய வழிகளில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு. ஒன்று பிளந்தாலும் மற்றது தாங்கும், இதற்கு ஒரு சதமும் கூடச் செலவில்லை. முழுச் சோதனையைத் தெரிவு செய்தேன். அதோடு, கீகேட்டில் ஐபிசி-டி-356 என்ற வடிவத்தில் இணைப்புப் பட்டியல் எடுக்க முடியும், அதையும், போர்டின் படம் இருக்கும் கேர்பர் கோப்புகளோடு அனுப்பினேன். இது முக்கியம். அது இல்லாவிட்டால் தொழிற்சாலை கேர்பர் படத்திலிருந்தே பட்டியலை உருவாக்கி அதோடு ஒப்பிடும். படத்தில் ஒரு ட்ராக் விடுபட்டிருந்தால், விடுபட்டதுதான் சரி என்று இயந்திரம் நம்பும்.

மூன்றாம் நாள் அவர்களிடமிருந்து கேள்வி வந்தது. இரண்டு வேறு பெயருள்ள இணைப்புகள் படத்தில் ஒட்டியிருக்கின்றன, சரியா என்று. உணரிப் பகுதியின் தரையையும் மற்றத் தரையையும் நான் வேண்டுமென்றே ஓர் இடத்தில் சேர்த்திருந்தேன். சரி என்று பதில் எழுதினேன். அந்தக் கேள்வி எனக்கு எரிச்சல் தரவில்லை, நிம்மதி தந்தது. என் பட்டியலை உண்மையிலேயே யாரோ படத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

போர்ட்கள் வந்தபோது பொட்டுகளில் ஊசி குத்திய மெல்லிய தடம் பூதக்கண்ணாடியில் தெரிந்தது. ஈயம் வைத்தால் மறைந்துவிடும், பாதிப்பில்லை. ஒரு பெனலில் நான்கில் ஒன்றின் மேல் கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டிருந்தது. பழுதுள்ள பெனலையும் ஏற்றுக்கொள்வேன் என்று ஓர்டரில் சொல்லியிருந்தேன், எண்ணிக்கைக்கு இன்னொரு பெனல் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். குறி போட்டதை ஊசிப் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். என் 48 புள்ளிகளில் பழுது தெரியவில்லை. மீட்டரை எடுத்து இணைப்பு இணைப்பாகப் போனேன். முக்கால் மணி நேரத்தில், ரிலே பக்கத்தில் நான் ஊசி வைக்காத ஓர் இடத்தில் அறுந்த ட்ராக் கிடைத்தது. அந்த ஒரு போர்ட் கட்டடம் ஒன்றில் போய் ரிலே இழுக்காமல் நின்றிருந்தால் எத்தனை நாள் அலைந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தொகுதியில் பூட்டியிருந்த பத்துப் போர்டையும், நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை உட்பட, ஐந்து கட்டடத்திலும் கழற்றி மாற்றினேன். காசு வாங்கவில்லை. பூட்டும் முன் ஒவ்வொன்றையும் தகவல் ஓடவிட்டபடி ஹெயர் ட்ரையரால் 70 பாகை வரை பத்து நிமிடம் சூடாக்கினேன், துளை விஷயத்தில் தொழிற்சாலைச் சோதனையை நம்ப முடியாது என்பதால். வெள்ளவத்தை, தெஹிவளை இரண்டும் கடல் ஓரம். உப்புக் காற்றுக்காக மேலே வார்னிஷ் பூச்சும் கொடுத்தேன்.

தெஹிவளையைக் கடைசியாக வைத்தேன். ஒரு ஞாயிறு, மதியம் பன்னிரண்டு மணிக்குப் புதிய போர்டை மாற்றிவிட்டு, பெட்டியை இறுக்கி மூடி, மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் லெப்டொப்போடு உட்கார்ந்தேன். பெட்டிக்குள் 58 பாகை. ஒன்றரை மணி தாண்டியது, இரண்டரையும் தாண்டியது. பத்து வினாடிக்கு ஒரு தடவை நீர் மட்டம் வந்துகொண்டே இருந்தது, ஒன்றுகூடத் தவறவில்லை. மூன்று மணிக்குக் கீழே மோட்டர் தானாகப் போடும் சத்தம் கேட்டது. படியிறங்கும்போது நான்காம் மாடி அம்மாவின் கதவு திறந்திருந்தது. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். "வருது மகன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார்.